கச்சானும் ஃபோனும் ஒரே காற்றா?

கூர்வாசி | மார்ச் 14, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சுவிஸில கூர் நகரத்தில இருக்கிறன். சொந்த ஊர் இலங்கையின்ர கிழக்குக் கரை, மட்டக்களப்புப் பக்கம். சாமான் லொறி ஓட்டுறதுதான் வேலை. நேற்று நடந்த ஒரு விசயத்தைச் சொல்லிப்போட்டுக் கேள்விக்கு வாறன்.

லுகானோவில ஏற்றின சாமானை அல்ட்டோர்ஃபில இறக்க வேணும். கொத்தார்ட் சுரங்கத்தால வந்தனான். தெற்கு வாசல் ஐரோலோவில மழை ஊத்துது, வைப்பர் ஓயவே இல்லை, லொறி மீட்டரில 4 டிகிரி. சுரங்கம் 17 கிலோமீட்டர். வடக்கு வாசலால கோஷனனில வெளியில வந்தா வானம் நீலம், ரோட்டு காய்ஞ்சு கிடக்கு, மீட்டரில 13. ரெண்டு வாசலும் ஏறக்குறைய ஒரே உயரம், 1,100 மீட்டர் சொச்சம். பிறகு கீழ அல்ட்டோர்ஃபுக்கு இறங்க 19. கதவைத் திறந்தன், காற்று கையில இருந்து பிடுங்கிக்கொண்டு போகுது.

மூக்கு உடனே காய்ஞ்சுது. அந்த வறட்சியோட ஊர் ஞாபகம் வந்திட்டுது. ஆடி மாதம் அம்மம்மா சாக்கை நனைச்சு மேற்கு யன்னலில தொங்கவிடுவா. "கச்சான் எடுத்திட்டுது, வெளியில திரியாத" எண்டு கத்துவா.

இங்க இந்தக் காற்றுக்கு ஃபோன் எண்டு பேர். இது பனிமலையில அடிக்கிறது, அது வெயிலூரில அடிக்கிறது. ரெண்டும் ஒண்டுதானா? மற்றது, ஃபோன் அடிச்சா எனக்குத் தலையிடி வருது. வேற ஆருக்கும் இருக்கா?

கம்பத்துக்காரன் | மார்ச் 14, இரவு 10.05

ஃபோன் அடிச்சா தலைவலின்னா சைலன்ட்ல போட்டுருங்கண்ணே :)

சும்மா சொன்னேன். நிஜமான சந்தேகம் ஒண்ணு. இலங்கைக்காரர் ஒருத்தர் எங்க கடையில "கச்சான் இருக்கா"ன்னு கேட்டு, கடைசியில வேர்க்கடலை வாங்கிட்டுப் போனார். நீங்க காத்துங்கிறீங்க. கடலைக் காத்தா?

வாவிக்கரையான் | மார்ச் 15, காலை 6.20

கம்பத்துத் தம்பி, எங்களுக்குக் கொறிக்கிறதும் கச்சான்தான், வதைக்கிறதும் கச்சான்தான். உங்கட தென்கரை மீனவரைக் கேட்டுப் பாருங்கோ, மேல்காற்றுக்கு அவையளும் கச்சான் எண்டுதான் சொல்லுவினம். வடக்கால வந்தா வாடை, கிழக்கால வந்தா கொண்டல், மேற்கால வந்தா கச்சான்.

மட்டக்களப்பில இது வைகாசிக் கடைசியில தொடங்கும். ஆனி, ஆடி, ஆவணி மூண்டு மாதமும் விட்டுவிட்டு அடிக்கும். காலமை ஒள்ளுப்பம் சும்மா இருக்கும். ஒன்பது பத்து மணிக்கு மேற்கால எடுத்தால் பகல் முழுக்க விடாது. தோய்ச்சு விரிச்ச சாரம் அரை மணித்தியாலத்தில மொரமொரத்துப் போகும். உதடு வெடிக்கும். கருவாடு போடுறவருக்கு மட்டும் கொண்டாட்டம். கரையோரக் கடலும் வாவி மாதிரிக் கிடக்கும், காற்று நிலத்தில இருந்து கடலுக்குப் போறதால.

சிறுபோக வெள்ளாமை கதிர் பறியிற நேரத்தில கச்சான் பிடிச்சால் பயம். 35 டிகிரிக்கு மேல போனால் பூவில மணி பிடிக்காது, பதர்தான் மிஞ்சும். கண்ணகி அம்மனுக்கு நாங்கள் வைகாசியில குளிர்த்திச் சடங்கு செய்யிறதுக்கும் இந்த வெக்கைக்கும் தொடர்பிருக்கெண்டு என்ர தகப்பன் சொல்லுவார். மதுரையை எரிச்சுப்போட்டு வந்தவளைக் குளிர வைக்கிறதெண்டதுதான் சடங்கின்ர கதை. ஆனால் அந்த மாதத்தில குளிர்த்தி ஆருக்குத் தேவையெண்டு எங்கட ஊரில ஒரு பகல் நிண்டு பார்த்தால் விளங்கும்.

கூர்வாசித் தம்பி, ரெண்டும் ஒண்டுதான் எண்டு நான் வகுப்பில படிப்பிச்சனான். மழைமானி இருந்தால் கணக்கோட சொல்லுவார்.

மழைமானி | மார்ச் 15, காலை 8.50

கூப்பிட்டதற்கு நன்றி சார். ரெண்டும் ஒரே குடும்பம்தான். இலங்கையையே எடுத்துக் கணக்கு போடலாம்.

தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புப் பக்கம் 28 டிகிரியில் கரையேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் ஏறும் காற்று விரியும், விரிந்தால் குளிரும். மேகம் கட்டாத வரைக்கும் 1,000 மீட்டருக்கு 9.8 டிகிரி என்ற விகிதத்தில் குளிரும். 600 மீட்டரில் மேகம் கட்டுகிறது என்றால் அங்கே 22. அதற்கு மேல் விகிதம் மாறிவிடும். நீராவி நீராக மாறும்போது உள்ளுறை வெப்பத்தைக் காற்றிலேயே விட்டுவிடுவதால், அந்த ஈரச் சூட்டில் 1,000 மீட்டருக்கு நாலரை டிகிரிதான் குறையும். 2,000 மீட்டர் உச்சியைத் தாண்டும்போது காற்று 16 டிகிரியில் இருக்கும். தண்ணீரையெல்லாம் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கமே கொட்டிவிட்டது. அங்கே வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டர் மழை சர்வசாதாரணம்.

இப்போது இறக்கம். மேகம் இல்லை, எனவே முழு விகிதத்தில் சூடேறும். 2,000 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 20 டிகிரி. 16 + 20 = 36. கொழும்பில் 28-ல் ஏறிய காற்று மட்டக்களப்பில் 36-ல் வந்து நிற்கிறது, ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு வந்துவிடும். வாவிக்கரையான் சாருடைய சாரம் மொரமொரத்தது இதனால்தான்.

சுவிஸில் மலை இன்னும் உயரம், காற்று தொடக்கத்திலேயே குளிர். மற்றபடி நடப்பது இதேதான்.

கேள்விக்குறி | மார்ச் 15, மதியம் 1.15

பாடப்புத்தகக் கணக்கு அழகாத்தான் இருக்கு. எனக்கு ரெண்டு இடத்தில இடிக்குது.

ஒன்று: மலையடிவாரத்தில இருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீட்டர் அளவில காய்ஞ்ச சமவெளி. ஆடி வெயில் அந்த மண்ணைச் சுட, அதைத் தடவிக்கொண்டு வாற காற்று சுடாமல் என்ன செய்யும்? மலைக்கு ஏன் பேர் வாங்கிக் குடுக்கிறீங்கள்?

இரண்டு: தெற்கில ஒரு துளி மழை இல்லாமலே வடக்கில ஃபோன் அடிக்கிற நாட்கள் ஆல்ப்ஸில நிறைய. அப்ப உங்கட உள்ளுறை வெப்பம் எங்கேயிருந்து வந்தது?

மழைமானி | மார்ச் 15, மாலை 4.30

இரண்டாவது கேள்வி சரியான அடி. நான் சொன்னது பாதி உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். மழையில்லாத ஃபோன் நிஜம். மலையின் அந்தப் பக்கத்தில் தரையை ஒட்டிய காற்று பல சமயம் ஏறவே ஏறாது. கனமான குளிர்காற்று மலையடியிலேயே குட்டை மாதிரி தேங்கிக் கிடக்கும். அதற்கு மேலே, சிகர உயரத்தில் ஓடும் காற்று மட்டும் தாண்டி வந்து இந்தப் பக்கப் பள்ளத்தாக்கில் விழும். அது முதலிலிருந்தே உலர்ந்த காற்று. மழை பெய்து காய வேண்டிய அவசியமே இல்லை, விழுந்தாலே போதும். கூர்வாசி இருக்கும் ரைன் பள்ளத்தாக்கில் 1999 இலையுதிர்காலத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் விமானமும் கருவிகளுமாக முகாம் போட்டு இந்த ஃபோனைத்தான் அளந்தார்கள். மழை ஒரு காரணம், உயரத்துக் காற்று விழுவது ஒரு காரணம், எதன் பங்கு அதிகம் என்பது நாளுக்கு நாள், மலைக்கு மலை மாறும்.

முதல் கேள்விக்கு ஒரு பழைய கதை. ஃபோன் சூடாக இருப்பதால் அது சகாரா பாலைவனத்திலிருந்து வருகிறது என்று ஐரோப்பாவில் வெகுகாலம் நம்பினார்கள். 1866-ல் ஆஸ்திரியாவின் யூலியுஸ் ஹான் அதை மறுத்தார். கிரீன்லாந்தில் உட்பகுதிப் பனிப்பாளத்திலிருந்து இறங்குகிற காற்றும் சூடாகத்தானே இருக்கிறது, அங்கே எந்தப் பாலைவனம் என்பது அவர் வாதம். சூடு வந்த ஊரில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது.

கேள்விக்குறி | மார்ச் 15, மாலை 5.02

கிரீன்லாந்தில சமவெளி வெயில் இல்லை. மட்டக்களப்பில இருக்கு. என்ர கேள்வி அப்படியே நிற்குது.

கம்பத்துக்காரன் | மார்ச் 15, இரவு 8.15

அப்ப எங்க ஊர் என்ன பாவம் பண்ணுச்சு? நாங்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கதான் இருக்கோம். ஜூன்ல மேற்க இருந்து அடிக்கிற காத்து சிலுசிலுன்னு இருக்கு. கோயம்புத்தூர்க்காரங்க அதைச் சொல்லியே பெருமை அடிப்பாங்க.

மழைமானி | மார்ச் 15, இரவு 9.00

கோவைக்கு வருவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. கணவாயின் தாழ்ந்த இடம் 150 மீட்டர் அளவுதான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, கடல் காற்று வாசல் வழியாக நேராக உள்ளே வருகிறது. உங்கள் கம்பத்துக்குக் குமுளிப் பக்கத்திலிருந்து இறங்குகிற காற்று 500 மீட்டர் போலத்தான் இறங்கும், ஐந்து டிகிரி ஏறும். மேலே 21 இருந்தால் உங்களுக்கு 26. சிலுசிலுதான். ஆனால் மலை விளிம்பைக் கவனித்திருப்பீர்கள், மேகம் பொங்கி வந்து விளிம்பிலேயே கரைந்து போகும். அந்த இடத்தில்தான் இறக்கம் தொடங்குகிறது. ஆல்ப்ஸில் அதற்கு ஃபோன் சுவர் என்று பெயர்.

சென்னையில் ஜூன் மாதம் வறுத்தெடுப்பதும் இதற்குத் தூரத்து உறவு. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று உள்ளே நுழைய முடியாமல் மதியம் வரை வாசலில் நிற்கும்.

கம்பத்துக்காரன் | மார்ச் 15, இரவு 9.06

ஆமாங்க! மேகம் மலை மேல தொங்கிட்டு நிக்கும், கீழ இறங்கவே இறங்காது. சின்னப்புள்ளையில "மழை நம்ம ஊருக்கு வர வெக்கப்படுது"ன்னு எங்க ஆயா சொல்லும்.

தேயிலைப்பூ | மார்ச் 16, காலை 7.30

கூர்வாசி அண்ணா, உங்க சுரங்கக் கதையைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. எங்களுக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. பதுளை ரயில் பட்டிப்பொலவைத் தாண்டினதும் ஒரு சுரங்கம். ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்துல, பாதையில அதுதான் உச்சி. ஜூலையில நுவரெலியாப் பக்கத்துல இருந்து வர்றப்போ பெட்டிக்குள்ள மூடுபனி, தூறல், எல்லாரும் ஸ்வெட்டர். சுரங்கத்துல நுழைஞ்சு ஒஹியப் பக்கம் வெளியில வந்தா வெயில் கண்ணைக் கூசும், ஊவா முழுக்க வெளிச்சமா கீழ விரிஞ்சு கிடக்கும். ஸ்கூல் லீவுல வர்றப்போ நானும் தம்பியும் "இப்ப மாறும், இப்ப மாறும்"னு ஜன்னல்ல தொங்கிக்கிட்டு வருவோம்.

நான் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்துல பிறந்தவ. அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறாங்க. எங்க லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, இதை "காத்துக் காலம்"னுதான் சொல்லுவோம். கச்சான்ங்கிற பேரை டீமேக்கர் ஐயா வாயிலதான் முதல்ல கேட்டேன். அவருக்கு அது சாமி மாதிரி. ஊவாத் தேயிலைக்கு உலகத்துல பேர் வாங்கிக் குடுத்ததே ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற இந்தக் காத்துதான். காஞ்ச காத்துல செடி தண்ணி இல்லாம தவிக்கும், கொழுந்து மெதுவா வரும், சின்னதா இருக்கும், வாசனை அதுலயே இறுகிக்கிரும். அந்தக் காலத்துத் தூளை ஊத்தினா ஒரு தைல மணம் வரும். வலிக்குத் தேய்க்கிற தைலத்துல இருக்கிற அதே மெத்தில் சாலிசிலேட்தான்னு அவர் சொன்னார். வருஷத்தோட நல்ல விலை அப்பதான் கிடைக்கும்.

இப்ப அதே காத்தை அம்மா பக்கத்துல இருந்து பாருங்க. கொழுந்து மெதுவா வருதுன்னா கூடையில எடை இல்லைன்னு அர்த்தம். நாள் கிலோவை எட்டலைன்னா அரைப்பேர், பாதிச் சம்பளம். ஒரு வருஷம் ஆகஸ்ட்ல அம்மா தொடர்ந்து ஒன்பது நாள் அரைப்பேர் வாங்கினாங்க. அந்த வாரத் தூளுக்கு நல்ல விலை போயிருக்குன்னு பேக்டரிப் பலகையில எழுதிப் போட்டிருந்ததை நான்தான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அம்மா விரல் வெடிப்புல மெழுகு தடவிக்கிட்டிருந்தாங்க. "நல்லாயிருக்கட்டும்"னாங்க. கோவமா, நிஜமாவான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

அந்த மாசங்கள்ல மலைச்சரிவுப் பத்தனைப் புல்லும் எரியும். ராத்திரி எதிர் மலையில செவப்புக் கோடு மாதிரி நெருப்பு ஊர்ந்து போறது தெரியும். காத்து திரும்பினா லயத்துப் பக்கம் வந்திரும்னு வாளியில தண்ணி பிடிச்சு வச்சுக்கிட்டுப் படுப்போம்.

இன்னொண்ணு. ஜனவரி, பிப்ரவரியில காத்து வடகிழக்கால வர்றப்போ எல்லாம் தலைகீழாகும். எங்க பக்கம் ஈரம், மலைக்கு மேற்க இருக்கிற திம்புள்ளப் பக்கம் காய்ஞ்சிரும். அப்ப நல்ல தூள் அவங்களுக்கு. அரைப்பேரும் அவங்களுக்குத்தான்.

கூர்வாசி | மார்ச் 16, மாலை 6.10

தங்கச்சி, உங்கட பதிவை ரெண்டு தரம் வாசிச்சன்.

இங்கயும் அந்தக் கணக்கு இருக்கு. கூருக்குக் கொஞ்சம் கீழ முந்திரிகை (திராட்சை) தோட்டங்கள். இலையுதிர்காலத்தில ஃபோன் அடிச்சாத்தான் பழம் இனிக்குமாம். "திராட்சை அவிக்கிறவன்" எண்டே அதுக்கு ஒரு பட்டப்பேர் இருக்கு. அதே காற்றுத்தான் கிளாருஸ் ஊரை எரிச்சது. 1861 மே 10 இரவு பிடிச்ச நெருப்பு, விடியிறதுக்குள்ள ஊரில மூண்டில ரெண்டு பங்கு போயிட்டுது. 600 கட்டடம் அளவில. எல்லாம் மரவீடு, காய்ஞ்ச காற்று. ஃபோன் நாளில வெளியில நெருப்பு மூட்டக்கூடாதெண்ட சட்டம் இங்க சில இடங்களில இப்பவும் இருக்கு.

ஒரு பகிடியும் சொல்லுறன். இங்க தலைமயிர் காய வைக்கிற மெசினுக்குப் பேர் ஃபோன். இந்தக் காற்றின்ர பேரைத்தான் வைச்சிருக்கிறாங்கள்.

கல்கரி_அக்கா | மார்ச் 17, காலை 5.45

தலையிடி பற்றிக் கேட்ட தம்பிக்கு. நான் கனடாவில கல்கரியில நேர்ஸ். இங்க இந்தக் காற்றுக்கு சினூக் எண்டு பேர். பசிபிக் பக்கமிருந்து ராக்கி மலையைத் தாண்டி வாறது. மேற்கு வானத்தில வில்லு வளைச்ச மாதிரி ஒரு மேக விளிம்பு, அதுக்குக் கீழ ஒரு பட்டை நீலம். அதைக் கண்டால் வார்டில ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுவம், இண்டைக்குத் தலையிடிக்காரர் வருவினமெண்டு. மனப்பிரமை எண்டு தள்ளிவிடாதேங்கோ. இங்க ஒற்றைத் தலைவலிக்காரரை வைச்சுச் செய்த ஆய்வொன்று 2000-ல வந்தது. எல்லாருக்கும் இல்லை, ஒரு பகுதியினருக்குக் கூடுது. சிலருக்கு சினூக் வர முந்தின நாள், சிலருக்கு அது பலமா அடிக்கிற நாள். நாட்குறிப்பு எழுதி நீங்கள் எந்த வகையெண்டு பிடிச்சு, அதோட டொக்டரிட்டப் போங்கோ. தண்ணியும் குடியுங்கோ.

காலமை மைனஸ் 20, பின்னேரம் பிளஸ் 8 எண்டது இங்க புதினமில்லை. 1988 குளிர்கால ஒலிம்பிக் இங்க நடந்தபோது சினூக் வந்து பனிச்சறுக்குப் போட்டிகளைத் தள்ளி வைக்க வேண்டியதாப் போச்சு. உச்சமான கதை அமெரிக்காவில, தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊர். 1943 ஜனவரி 22 காலமை ரெண்டே நிமிசத்தில மைனஸ் 20 டிகிரியில இருந்து பிளஸ் 7. காற்று நிண்டதும் அரை மணித்தியாலத்துக்குள்ள பழையபடி மைனஸ் 20. யன்னல் கண்ணாடியெல்லாம் வெடிச்சதாம்.

பனி உருகுதெண்டு சந்தோசப்படுறது புதுசா வந்த ஆக்கள்தான். உருகின தண்ணி இரவில திரும்ப உறைஞ்சு, விடியக் கை கால் முறிஞ்சு எங்களிட்ட வருவினம்.

கேள்விக்குறி | மார்ச் 17, காலை 10.20

ரெண்டு நிமிசத்தில 27 டிகிரி. அதைச் சமவெளி வெயில் செய்யாது, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஸ்பியர்ஃபிஷ் வேற, மட்டக்களப்பு வேற. கச்சானில மலையின்ர பங்கு எவ்வளவு, மண்ணின்ர பங்கு எவ்வளவு? ஆராவது அளந்து காட்டுங்கோ.

வாவிக்கரையான் | மார்ச் 17, காலை 11.00

அளப்பம். கச்சான் எடுக்கட்டும் மனே. என்னட்ட ஈர-உலர் வெப்பமானி ஒண்டு கிடக்கு, பள்ளிக்கூடத்தால ஓய்வு பெறேக்க பிள்ளையள் தந்தது. தேயிலைப்பூ பிள்ளை, அதே நேரம் உங்கட பக்கத்து வெப்பநிலை எடுத்துத் தருவீங்களா?

தேயிலைப்பூ | மார்ச் 17, காலை 11.12

தம்பி அங்கதான் இருக்கான் சார். அவன்கிட்ட சொல்லி வைக்கிறேன்.

வாவிக்கரையான் | ஜூலை 3, பிற்பகல் 2.25

இழையைத் தூசு தட்டுறன். ஒன்பதரைக்கு மேற்கால எடுத்தது, இன்னும் விடேல்லை. நிழலில 37, ஈரப்பதம் 41. கல்லடிப் பாலத்தில ஒரு சனமில்லை.

தேயிலைப்பூ | ஜூலை 3, பிற்பகல் 2.40

தம்பி இப்பதான் அனுப்பினான். பண்டாரவளை 25. வெயில், காத்து. அம்மாவுக்கு இன்னிக்கும் அரைப்பேர்.

மழைமானி | ஜூலை 3, பிற்பகல் 2.58

பண்டாரவளை உயரம் சுமார் 1,200 மீட்டர். கடல் மட்டத்துக்கு இறங்கினால் 12 டிகிரி ஏறும். 25 + 12 = 37. நான் எதுவும் சொல்லவில்லை.

கேள்விக்குறி | ஜூலை 3, மாலை 3.30

சொல்லாதேங்கோ. பகல் வெயிலில எந்த நிலத்திலயும் மேலயும் கீழயும் காற்றுக் கலந்து இந்த விகிதம்தான் வரும், மலை இருந்தாலும் இல்லாட்டியும். அது உங்களுக்கும் தெரியும். சூரியன் இல்லாத நேரத்துக் கணக்கு வேணும். இரவு மண் ஆறின பிறகு என்ன?

மழைமானி | ஜூலை 3, மாலை 3.41

நியாயமான கேள்வி. சார், காற்று நிற்காவிட்டால் இரவு ஒரு தடவை பார்க்க முடியுமா?

வாவிக்கரையான் | ஜூலை 3, இரவு 11.20

31. காற்று நிற்கேல்லை, கடற்காற்று இண்டைக்குத் தலை காட்டவே இல்லை. வளவு மண்ணைக் கையால தொட்டுப் பார்த்தன், ஆறிப்போய்க் கிடக்கு. முகத்தில அடிக்கிறதுதான் சுடுது.

தேயிலைப்பூ | ஜூலை 3, இரவு 11.26

தம்பியை எழுப்பித் திட்டு வாங்கினேன். அங்க 19.

கேள்விக்குறி | ஜூலை 3, இரவு 11.31

19, 12, 31. சரி. ஒரு நாள் கணக்கு எண்டதை மட்டும் குறிச்சு வைக்கிறன்.

கூர்வாசி | ஜூலை 3, இரவு 11.50

சேர், மேற்கு யன்னலில சாக்கு இருக்கா?

வாவிக்கரையான் | ஜூலை 3, இரவு 11.54

இப்பதான் நனைச்சுப் போட்டனான். விடியமுதல் ரெண்டு தரம் நனைக்க வேணும்.